42 கிலோமீட்டர் ஸ்கேட் போட்டிக்குப் போகிறவர்களுக்கு: பந்திங் கடையில் எதை வாங்கலாம், எதை விடலாம்

பந்திங் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பூப்பந்துதான் ஞாபகம் வரும். சிடேக் சகோதரர்கள் வளர்ந்த வட்டாரம். 1992இல் பார்சிலோனாவில் ராசிப்பும் ஜலானியும் வாங்கிய வெண்கலம்தான் மலேசியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம். ஆகவே இந்த ஊரில் விளையாட்டுக் கடைக்குள் நுழைந்தால் முதலில் ராக்கெட்டும் இறகுப்பந்துக் குழாய்களும் கண்ணில் படுவதில் வியப்பில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்வரிசைக் கடைவீட்டில் இருக்கும் இந்தக் கடையும் அப்படித்தான். ராக்கெட் கட்டும் மெஷினைத் தாண்டி உள்ளே போனால், பின்கட்டு முழுக்க இன்லைன் ஸ்கேட், அதாவது வீல்கள் ஒரே வரிசையில் உள்ள ஸ்கேட். சின்னப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் ஸ்கேட் இரண்டு தட்டு. மீதி எல்லாம் நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்கானது. கோலாலம்பூர் வரை காடி ஓட்டாமல், ரேஸ் பூட்டைக் காலில் மாட்டிப் பார்த்து வாங்க இந்தப் பக்கத்தில் வேறு இடம் கிடையாது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பூட்டுக்காக இங்கே தாராளமாகப் போங்கள். வீல் வாங்கலாம், ஆனால் பார்த்து வாங்க வேண்டும். வீலைச் சுழலவிடும் பேரிங் பற்றிய பேச்சு வந்தால் மட்டும் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

பூட் பார்ப்பவர் ஓர் அக்கா. காலணி நம்பர் என்ன என்று அவர் கேட்பதே இல்லை. கேட்காமல் இருப்பதுதான் சரி. ஒரு நிறுவனத்தின் 42ஆம் நம்பரும் இன்னொன்றின் 42ஆம் நம்பரும் ஒரே நீளமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. மாலையில் வரச் சொல்கிறார். பகல் முழுக்க நின்று நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். வெயிலில் ஒன்றரை மணி நேரம் ஸ்கேட் ஓட்டினாலும் அப்படித்தான் வீங்கும். காகிதத்தின் மேல் நிற்க வைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, இரண்டு கால்களையும் வரைகிறார். உட்கார்ந்து வரைந்தால் பாதம் விரியாது, அளவு குறைந்துவிடும். பெரும்பாலோருக்கு ஒரு கால் மற்றதைவிடச் சில மி.மீ. நீளம். பெரிய காலுக்குப் பூட் எடுத்து, சின்னக் கால் பக்கம் உள்ளே மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்கிறார்.

காலில் போட்டபின் அவர் பார்க்கும் சோதனை எளிது. நேராக நிற்கும்போது பெருவிரல் முனை முன்சுவரை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி, ஸ்கேட் ஓட்டும் நிலைக்கு இறங்கினால் அந்தத் தொடுகை விலக வேண்டும். குதிகாலைத் தூக்கிப் பார்த்தால் அசையவே கூடாது. முதல்முறை வாங்குபவர்கள் "கொஞ்சம் லூசா இருந்தா சுகமா இருக்கும்" என்று ஒரு நம்பர் பெரிதாக எடுப்பார்கள். கடையில் சுகம்தான். சாலையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டியதும் குதிகால் உள்ளே மேலும் கீழும் உரசிக் கொப்புளம் போடும். அதை அடக்க லேஸை இழுத்துக் கட்டினால் பாதத்தின் மேல்பக்கத்து நரம்பு அமுங்கி விரல்கள் மரத்துப் போகும். நெடுந்தூரத்தில் ஆளைப் பாதியில் உட்கார வைக்கும் இரண்டு வலியும் அளவு பெரிதான பூட்டால்தான் வருகின்றன.

அடுத்து ஒரு சோதனை. பூட்டையும் அதன் அடியில் வீல்களைத் தாங்கும் ஃபிரேமையும் மாட்டி, கடைவீட்டின் ஐந்தடிப் பாதையில் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்கிறார். 30 வினாடி கணுக்கால் ஆடாமல் நின்றால்தான் கணுக்காலுக்குக் கீழே முடியும் தாழ்வான ரேஸ் பூட்டைக் காட்டுகிறார். ஆடினால், பணம் எவ்வளவு கொண்டுவந்திருந்தாலும், கணுக்காலைப் பிடிக்கும் கஃப் வைத்த பூட்தான். விலை கூடிய கார்பன் பூட்டை வாடிக்கையாளர் தலையில் கட்டாத கடை என்பதாலேயே இந்தப் பின்கட்டுக்கு ஒரு மரியாதை உண்டு. தாழ்வான பூட் கணுக்காலுக்கு முழுச் சுதந்திரம் தருகிறது. உதைக்கும் வீச்சு நீளும். அதையே வலுவில்லாத கணுக்கால் போட்டால் பாதம் உள்பக்கம் சாயும், வீல் உள்விளிம்பில் மட்டும் தேயும், 20ஆவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

சூட்டில் வடிவமைக்கும் வேலையைத்தான் இங்கே பார்த்துப் பாராட்ட வேண்டும். ரேஸ் பூட்டின் ஓட்டில் கார்பன், கண்ணாடியிழை அடுக்குகளோடு சூட்டில் இளகும் பிசினும் இருக்கும். அடுப்பில் 80 முதல் 90 டிகிரி செல்சியஸ், 15 முதல் 20 நிமிடம். துல்லியமான எண்ணை அந்தந்த நிறுவனத்தின் தாளைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும், அக்காவும் தாளை அடுப்பு மேலேயே ஒட்டி வைத்திருக்கிறார். அடுப்பின் வெப்பக் குமிழை நம்பாமல் உள்ளே தனி வெப்பமானி வைக்கிறார். வீட்டு அடுப்புகள் குமிழில் 80 என்று காட்டிவிட்டு உள்ளே 100க்கு மேல் போவது சாதாரணம். 100 தாண்டினால் ஓடு கெடாவிட்டாலும் வெளித்தோலை ஒட்டியிருக்கும் பசை விட்டுவிடும். முதலில் ஃபிரேமைக் கழற்றிவிட வேண்டும். லேஸை முழுக்கத் தளர்த்த வேண்டும். எடுத்தவுடன் மெல்லிய காலுறையோடு கால் நுழைத்து, குதிகாலைப் பின்னால் தட்டி உட்கார வைத்து, லேஸை மிதமாகக் கட்ட வேண்டும். ஓடு இளகியிருக்கும்போது பலமாக இழுத்தால் லேஸ் துளைகள் வளைந்து அப்படியே உறைந்துவிடும். பிறகு முழங்காலை மடக்கிய நிலையில், சூடு ஆறும்வரை பத்து நிமிடத்துக்கு மேல் அசையாமல் இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் எலும்பு குத்தினால் லிப்ஸ்டிக்கை எடுக்கிறார். உள்கணுக்கால் எலும்பின் கூர்முனையில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்து, காலைப் பூட்டுக்குள் விட்டு எடுக்கிறார். பூட்டின் உள்தோலில் அந்தப் பொட்டு ஒட்டியிருக்கும். குத்துகிற இடம் வாய்ச்சொல்லில் ஒன்றாகவும் பொட்டில் வேறாகவும் இருப்பதுதான் வழக்கம். ஒரு விரல் அகலம் தள்ளியே இருக்கும். பொட்டு விழுந்த இடத்தில் மட்டும் சூட்டுக் காற்றுத் துப்பாக்கியை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, இளகியதும் உருண்டை முனைக் கட்டையால் உள்ளிருந்து வெளியே தள்ளி, ஆறும்வரை விடாமல் பிடிக்கிறார். இதை வீட்டில் செய்கிறவர்கள் துப்பாக்கியை ஒட்டிப் பிடித்துத் தோலைக் கருக்கிவிடுவார்கள். ஒரே நாளில் முடித்துவிட்டதாகச் சொல்லாமல், இரண்டு மூன்று முறை ஓட்டிவிட்டு மறுபடி வரச் சொல்கிறார். மறு சரிபார்ப்புக்குக் கூலி வாங்குவதில்லை. வேறு இடத்தில் வாங்கிய பூட்டுக்கும் செய்கிறார். அதற்குக் கூலி உண்டு, கொடுக்கிற காசுக்குத் தகும்.

ஃபிரேம் பொருத்துவதிலும் குறை சொல்ல இடமில்லை. பூட்டின் அடியில் உள்ள இரண்டு திருகாணித் துளைகளுக்கு இடைத்தூரம் ரேஸ் பூட்டில் 195 மி.மீ., நகர்ப்புற ஸ்கேட்டில் பெரும்பாலும் 165 மி.மீ. ஒன்றுக்கான ஃபிரேம் மற்றதில் உட்காராது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஃபிரேமை மட்டும் வாங்கி வந்து கடையில் விழிப்பவர்கள் நிறைய. தொடக்க நிலை இதுதான்: பின்னால் குதிகாலின் நடு, முன்னால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடைப்பட்ட கோடு, இந்த இரண்டுக்கும் நேரே ஃபிரேம். அந்த நிலையில் கால் உள்பக்கம் சாய்ந்தால் ஃபிரேமை உள்பக்கம் நகர்த்த வேண்டும், வெளியே சாய்ந்தால் வெளிப்பக்கம். ஒரு தடவைக்கு 1 அல்லது 2 மி.மீ., அதற்கு மேல் வேண்டாம். ஒரு நாளில் முன், பின் இரண்டையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. அக்கா பூட்டின் அடியில் வெள்ளைப் பென்சிலால் பழைய கோட்டைக் குறித்துவிட்டுத்தான் தளர்த்துகிறார். புதிதாகப் பொருத்திய திருகாணிகள் முதல் ஐந்து கிலோமீட்டருக்குள் சற்று இளகும், நின்று ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள்.

வீல் அளவில் கடையோடு எங்களுக்கு ஒத்துப்போகவில்லை. கண்ணாடி அலமாரியில் 3×125தான் (ஒரு காலுக்கு 125 மி.மீ. விட்டமுள்ள மூன்று வீல்) முன்னால் நிற்கிறது, முதல் போட்டிக்குப் போகிறவருக்கும் அதைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். கணக்கு என்னவோ கவர்ச்சிதான். 125 மி.மீ. வீல் ஒரு சுற்றுக்கு 39 செ.மீ. போகும், 110 மி.மீ. வீல் 34.6 செ.மீ. 42.195 கி.மீ. முடிக்க 110 வீல் ஏறக்குறைய 122,000 தடவை சுற்ற வேண்டும். 125க்கு 107,500 போதும். கரடுமுரடான தாரில் பெரிய வீல் சிறு குழிகளின் மேல் ஏறிப் போய்விடும், அதிர்வு குறையும். ஆனால் பாதம் தரையிலிருந்து இன்னும் உயரும், கணுக்காலுக்கு வேலை கூடும். வீல் கனம், நின்ற இடத்திலிருந்து வேகம் எடுக்கத் தாமதம். கூம்பைச் சுற்றித் திரும்பும் போட்டிப் பாதைகளில் ஒவ்வொரு திருப்பத்திலும் கூட்டத்தோடு ஒட்ட மறுபடி வேகம் எடுக்க வேண்டும், கால் அங்கேதான் காலியாகும். முதல் 42 கி.மீ. போட்டிக்கு 4×100 அல்லது 4×110. பாதம் சின்னதாக இருந்தால் 3×110. சீராக 25 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்ட முடிகிறவர் 125க்கு மாறலாம். கேட்டால் பின்னறையிலிருந்து 4×110 எடுத்துத் தருகிறார்கள். கேட்காவிட்டால் காட்ட மாட்டார்கள்.

கடினத்தில் நம் ஊர் வெயிலைக் கணக்கில் எடுக்க வேண்டும். வீல் செய்யும் யூரித்தேன் சூட்டில் இளகும். காலை பத்து மணிக்குப் பிறகு தார்ச்சாலையின் சூடு காற்றின் சூட்டைவிட வெகுவாக ஏறிவிடும், 83ஏ வீல் (எண் கூடக்கூடக் கடினம்) அந்தத் தாரில் இழுக்கும். 85ஏ பொதுவாகச் சரி. 80 கிலோவுக்கு மேல் உடம்பு உள்ளவர் 86ஏ எடுக்கலாம். மழைக்குத் தனி வீல் விற்கிறார்கள், நல்லதுதான். ஆனால் ஒரே ஒரு ஜோடி ஸ்கேட் வைத்திருப்பவருக்கு அது தண்டச் செலவு.

வீலைப் பார்த்து வாங்கச் சொன்னது இதனால்தான்: தட்டில் இருக்கும் சில பெட்டிகள் பழசு. யூரித்தேன் ஈரப்பதத்தில் காலப்போக்கில் சிதைந்துபோகும் பொருள். ஆண்டு முழுக்க ஈரமான நம் நாட்டில் அலமாரியில் சும்மா இருந்தாலும் கெடும். வெள்ளை வீல் மஞ்சளித்திருந்தால் எடுக்காதீர்கள். நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் நிற்கக் கூடாது. நடுவிலுள்ள பிளாஸ்டிக் மையமும் யூரித்தேனும் சேரும் வளையத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மயிரிழை இடைவெளி தெரிந்தால் அந்த வீல் ஓட்டத்தின் நடுவில் பிரிந்து வரும். பழைய பெட்டியைக் காட்டிக் கேட்டால் மறுபேச்சின்றி வேறு எடுத்துத் தருகிறார்கள். தட்டிலிருந்து அப்புறப்படுத்துவதுதான் இல்லை.

இனி பேரிங். முன்பக்கம் ராக்கெட் கட்டும் அண்ணன்தான் பேரிங் வேலையையும் பார்க்கிறார். 26 பவுண்டு கேட்டால் 26 பவுண்டில் நரம்பு கட்டித் தரும் மனிதர், ஆனால் ஸ்கேட்டைக் கையில் வாங்கியதும் வீலை ஒரு சுண்டு சுண்டிவிட்டு, "பாத்தீங்களா தம்பி, அரை நிமிஷத்துல நிக்குது. செராமிக் போட்டுப் பாருங்க, பறக்கும்" என்கிறார். சுமை இல்லாமல் சுற்றும் வீல் எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்பதில் ஓட்டத்துக்கு உதவும் செய்தி எதுவும் இல்லை. உள்ளே கொழுப்பு (கிரீஸ்) புதிதாக இருந்தால் சீக்கிரம் நிற்கும், எண்ணெய் காய்ந்திருந்தால் நெடுநேரம் சுற்றும். அப்படிக் காய்ந்ததுதான் கெடப்போகிற பேரிங்.

எண்ணாகவே பார்ப்போம். ஸ்கேட் பேரிங் 608 வகை: உள்துளை 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மி.மீ. 110 வீலில் மணிக்கு 30 கி.மீ. போனால் நிமிடத்துக்குச் சுமார் 1,450 சுற்று. 608 பேரிங் தாங்கும் வேகம் நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கும் மேல். ஏபெக் 5, 7, 9 என்ற தரமெல்லாம் வளையத்தை எவ்வளவு நுட்பமாகக் கடைந்தார்கள் என்ற அளவு. மிக வேகமாகச் சுழலும் இயந்திரங்களில்தான் அந்த வித்தியாசம் தெரியும். ஸ்கேட்டில் பேரிங்கைக் கெடுப்பது பக்கவாட்டு உதை, மண், தண்ணீர். இம்மூன்றுக்கும் ஏபெக் எண்ணுக்கும் சம்பந்தமில்லை. செராமிக் பேரிங்கில் குண்டு துருப்பிடிக்காது, சரி. அது ஓடும் வளையம் பெரும்பாலும் எஃகுதானே, அது துருப்பிடிக்கும். அந்தக் காசில் நல்ல வீல் ஒரு செட் வரும்.

சுத்தம் செய்யும் முறையில் பாதி சரி. நான்கு வீல் ஸ்கேட் ஒரு ஜோடிக்கு 16 பேரிங், மூன்று வீலுக்கு 12. ரப்பர் மூடியை உள்வளையத்தின் ஓரத்திலிருந்து ஊசியால் நெம்பி எடுக்கிறார்கள்; உலோக மூடியானால் அதைப் பிடித்திருக்கும் மெல்லிய கம்பி வளையத்தின் முனையைத் தேடி நெம்புகிறார்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் போட்டு ஆட்டி, அழுக்கு வெளியேறும்வரை இரண்டு மூன்று தடவை நீர்மம் மாற்றுகிறார்கள். மண்ணெண்ணெய் வைப்பதில்லை, நல்லது, அது பிசுபிசுப்பை விட்டுப் போகும். அதுவரை ஒழுங்கு. அதற்குப் பிறகு கம்ப்ரெசர் காற்றால் உலர்த்தும்போது பேரிங்கை விரலில் மாட்டி விர்ரென்று சுழலவிடுகிறார் அண்ணன். சத்தம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். எண்ணெய் இல்லாத குண்டும் வளையமும் அந்த வேகத்தில் ஒன்றையொன்று சுரண்டிக்கொள்ளும். சுத்தம் செய்ய வந்த பேரிங் அங்கேயே பாதி ஆயுளை இழக்கும். கையில் எடுக்கும் முன்பே "அண்ணே, காத்துல சுத்தாம அப்படியே காயவிடுங்க" என்று சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்வதில்லை, விசிறிக்கு முன் துணியில் பரப்பி வைக்கிறார். காய்ந்ததும் ஒரு பேரிங்குக்கு ஒன்றிரண்டு சொட்டு எண்ணெய் போதும். மழைக்காலத்தில் ஓட்டுகிறவர் எண்ணெய்க்குப் பதில் கொழுப்பு கேளுங்கள். சற்று மந்தம், ஆனால் தண்ணீரைத் தள்ளி வைக்கும். திரும்ப மாட்டும்போது மூடி உள்ள பக்கம் வெளியே, திறந்த பக்கம் ஸ்பேசரைப் பார்த்து.

ஸ்பேசர் விஷயத்தில் அண்ணனுக்கு முழு மதிப்பெண். வீலுக்குள் இரண்டு பேரிங்குக்கும் நடுவே இருக்கும் அந்தச் சிறு குழாய் ஒன்று தொலைந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறார். அது இல்லாமல் வீலை ஃபிரேமில் பிடிக்கும் ஆக்சிலை இறுக்கினால் இரண்டு உள்வளையங்களும் ஒன்றையொன்று நோக்கி நெரிந்து வீல் பிடித்துக்கொள்ளும். அதைத் தவிர்க்க ஆக்சிலைத் தளர்த்தினால் ஓட்டத்தில் கழன்று விழும். ஸ்பேசர் இருந்தால் நன்றாக இறுக்கியும் வீல் சுதந்திரமாகச் சுற்றும். இறுக்கினால் பிடிக்கிறது, தளர்த்தினால் சுற்றுகிறது என்றால் உள்ளே ஸ்பேசர் இல்லை, அல்லது அளவு தவறு. ஆக்சிலை முதல் இரண்டு மூன்று சுற்று வெறும் விரலால் ஏற்றிவிட்டுத்தான் 4 மி.மீ. சாவியை எடுக்கிறார். இதையும் கற்றுக்கொள்ளுங்கள், சாவியால் கோணலாக ஏற்றினால் அலுமினிய ஃபிரேமின் மரை போய்விடும், மரை போனால் ஃபிரேமே போனது.

வீல் இடம் மாற்றிக் கொடுப்பது இலவசம். நான்கு வீலில் இடக்காலின் 1ஆவது வலக்காலின் 3ஆவது இடத்துக்கும், 2ஆவது 4ஆவது இடத்துக்கும் போகும். வலக்கால் வீல்கள் அதேபோல் இடக்காலுக்கு. தேய்ந்த விளிம்பு வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். போட்டிக்கு முந்தின நாள் இதைச் செய்ய வேண்டாம், புதிய விளிம்புக்குக் கால் பழக இரண்டு மூன்று ஓட்டமாவது தேவை.

கடை நடத்தும் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை, பூட் வாங்காதவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். இடம், தோட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு, செம்பனைத் தோட்டத்து உள்சாலை. மோரிப் பக்கம் போகும் பெரிய சாலையில் காடிகளோடு போட்டி போடுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். நம் நாட்டில் சூரியன் எழுவதே ஏழு மணி சுமாருக்கு. ஆறரைக்கே தொடங்கினால் தரையில் கிடப்பது தெரியாது. கிடப்பது என்ன என்றால் உதிரிப் பழம். குலை ஏற்றிப் போகும் லோரியிலிருந்து விழும் பழம் முழுதாகக் கிடந்தால் வீலை நிறுத்திவிடும்; டயரில் நசுங்கிக் கிடந்தால் எண்ணெய்ப் படலம், காலை இழுத்துவிடும். லோரி திரும்பும் முனைகளிலும் ஆலைக்குப் போகும் வழியிலும்தான் அதிகம். செம்மண் பாதை தாரில் சேரும் இடங்களில் மெல்லிய மண் படிந்திருக்கும். அங்கே உதைக்காமல் இரண்டு கால்களையும் முன்பின்னாக வைத்து உருண்டு கடக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். மழை பெய்து முடிந்த சாலையில் ஓட்டிவிட்டால் அன்றிரவே பேரிங்கைத் திறந்துவிட வேண்டும், மறுநாள் என்றால் துரு.

பயிற்சியின் உயிர், வரிசையில் ஓட்டுவது. 25 கி.மீ. வேகத்துக்கு மேல் காற்றுத்தடைதான் பெரிய எதிரி, முன்னவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டி ஓடுகிறவருக்கு அதே வேகத்துக்கு உழைப்பு நன்றாகக் குறையும். ஒரு கை நீள இடைவெளி. முன்னவர் எந்தக் காலை உதைக்கிறாரோ அதே காலை அதே நேரத்தில் உதைக்க வேண்டும், தப்பினால் வீலோடு வீல் மோதும். முன்னவரின் இடுப்பில் விரல் நுனி வைத்துக்கொண்டால் அவர் வேகம் குறைவது கண்ணுக்கு முன் கைக்குத் தெரியும். பிடித்து இழுக்கக் கூடாது. முன்னால் இருப்பவர் ஒன்றிரண்டு நிமிடம் இழுத்துவிட்டுப் பக்கவாட்டில் விலகி, வேகத்தைக் குறைத்து, வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். ரேஸ் ஃபிரேமில் குதிப் பிரேக் கிடையாது. வரிசைக்குள் பிரேக் போடுவதே தவறு, நிமிர்ந்து நின்று நெஞ்சில் காற்று வாங்கினாலே வேகம் குறையும். குழி, பழம், கல் எதைக் கண்டாலும் முன்னவர் கையால் காட்டிக் குரல் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள்.

அங்கேயும் ஒரு குறை. வந்த இரண்டாம் வாரமே டபுள் புஷ் கற்றுக்கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தொண்ணூறுகளில் டெக்சாஸ்காரர் சாட் ஹெட்ரிக் உலகப் போட்டிகளில் ஓட்டிக் காட்டிப் பரவிய முறை அது: காலைத் தரையில் வைத்ததும் முதலில் உள்பக்கம் இழுத்து, பிறகு வெளியே உதைப்பது. ஒரு அடியில் இரண்டு உதை. வெளிவிளிம்பில் நம்பிக்கையாக நிற்கத் தெரியாதவர் செய்தால் உள்தொடைத் தசை இழுத்துக்கொள்ளும். முதல் போட்டிக்கு அது தேவையே இல்லை. முழங்கால் மடங்கியிருக்கட்டும், உதை பின்னால் போகாமல் பக்கவாட்டில் போகட்டும், அது போதும்.

போட்டிக்குப் பதிந்துவிட்டேன் என்று சொன்னால் ஒரு தயாரிப்புத் தாள் கொடுக்கிறார்கள். வாரம்தோறும் நீள ஓட்டத்தை 10 கி.மீ.இல் தொடங்கிப் படிப்படியாக 35 வரை ஏற்றுவது, கடைசி வாரம் குறைப்பது என்று அட்டவணை நன்றாக இருக்கிறது. வேகத்தை எண்ணாக எழுதிக்கொள்ளச் சொல்வதும் நல்லது: 20 கி.மீ. வேகம் என்றால் 2 மணி 7 நிமிடம், 25 என்றால் 1 மணி 41, 30 என்றால் 1 மணி 24. பதியும்போதே போட்டியின் நேர வரம்பைப் பார்த்து, இந்த மூன்றில் எதற்குள் நீங்கள் வருகிறீர்கள் என்று ஒப்பிட வேண்டும்; தாளில் அந்த ஒரு வரி இல்லை.

தாள் குளிர்நாட்டுக்காரர்களுக்காக எழுதப்பட்டது என்பதும் தெரிகிறது. பெர்லின் மாரத்தானில் ஸ்கேட்டர்கள் ஓடுவது செப்டம்பர் கடைசியில், ஓட்டக்காரர்களுக்கு முந்தின நாள் சனிக்கிழமை. அமெரிக்காவின் மினசோட்டாவில் சுப்பீரியர் ஏரிக்கரையோடு டூ ஹார்பர்சிலிருந்து டுலூத்துக்கு ஓடும் நார்த்ஷோர் போட்டியும் செப்டம்பர்தான். அந்தக் குளிருக்கு எழுதிய "ஒரு பாட்டில் தண்ணீர்" நம் வெயிலுக்குப் பற்றாது. இங்கே பயிற்சி செய்யும்போது மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல், வியர்வை அதிகம் போகிறவர் முக்கால் லிட்டர் வரை, வெறும் தண்ணீராக இல்லாமல் பாதியாவது உப்புச்சத்து உள்ள பானமாக. ஹண்ட்ரட் பிளஸ் கடைக்குக் கடை கிடைக்கிறது. இடுப்புப் பையில் வைப்பது நல்லது. கையில் பாட்டில் பிடித்தால் வரிசையில் கை வீச முடியாது.

வெளிநாட்டுப் போட்டிக்குப் போகிறவர் பூட்டைப் பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது என்று அண்ணன் சொல்வது சரி. பெட்டி தொலைந்தால் வீல், ஃபிரேம் அங்கே வாங்கலாம். உங்கள் காலுக்கு வளைத்த பூட்டை வாங்க முடியாது. மலிவுக் கட்டண விமானங்களில் கைப்பை வரம்பு பெரும்பாலும் 7 கிலோ, ஒரு ஜோடி ரேஸ் ஸ்கேட்டும் தலைக்கவசமும் அதற்குள் அடங்கும். சாவிகள், உபரி ஆக்சில், பேரிங் மாட்டிய ஒரு வீல், இவை பெட்டியில். நேரம் பதியும் சிப்பைக் கணுக்காலில் கட்டும் பட்டை பூட்டின் விளிம்புக்கு மேலே இருக்கட்டும். விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் ஐந்தே கிலோமீட்டரில் தோலை உரித்துவிடும். கொப்புளம் வரும் இடம் உங்களுக்கே தெரிந்திருக்கும், அங்கே புறப்படும் முன்பே டேப் ஒட்டுங்கள்; வந்தபின் ஒட்டினால் வியர்வையில் நிற்காது.

கடை திங்களன்று மூடியிருக்கும். அக்கா பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகுதான் வருகிறார், அதற்குமுன் போனால் பூட் வேலையையும் அண்ணனே பார்க்கிறேன் என்பார், காத்திருங்கள். 195 ஃபிரேமுக்கான பூட்டில் 36 முதல் 38 வரையிலான சிறு அளவுகள் கையிருப்பில் இல்லை, பெண்கள் பெரும்பாலும் சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. வந்து சேர ஒரு மாதம் ஆகலாம், அதற்குமேல் சூட்டில் வளைத்துக் கால் பழக ஆறு வாரம். ஆகவே போட்டிக்கு மூன்று மாதம் முன்பே பணம் கட்டிவிடுங்கள், ரசீதில் பூட்டின் நம்பரோடு மி.மீ. நீளத்தையும் எழுதி வாங்குங்கள்.